சோதிக்கக் காசு உண்டு, திருத்தத்தான் இல்லை

மென்பொருளில் பாதுகாப்பு ஓட்டை தேடுவதுதான் என் பிழைப்பு. சமீப காலமாக அரசுப் பணத்தில் நடக்கும் சோதனைகள்தான் கைக்கு அதிகம் வருகின்றன. சில சமயம், மூல நிரல் எல்லாருக்கும் திறந்திருக்கும், உலகமே சும்மா எடுத்துத் தன் மென்பொருளுக்குள் சேர்த்துக்கொள்ளும் ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி. சில சமயம், நிரலை நிறுவனம் மூடிவைத்திருக்க, அரசு அலுவலகம் உரிமம் வாங்கி ஓட்டும் தனியுரிம மென்பொருள். உட்கார்ந்து பார்க்கும் வேலை இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. அறிக்கையைக் கொடுத்த பிறகு நடப்பதுதான் மலைக்கும் மடுவுக்குமாக இருக்கும். இப்படி ஒரு சோதனையை எடுத்துச் செய்யப் போகிறவர்களுக்கும், தங்கள் ப்ராஜெக்ட்டுக்கு ஒன்று வாய்த்திருக்கும் பராமரிப்பாளர்களுக்கும் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

"ஓப்பன் சோர்ஸைச் சோதிக்க அரசு எதற்குச் செலவழிக்க வேண்டும்? எழுதியவர்களே பார்த்துக்கொள்ளட்டுமே" என்பார்கள் ஒரு சாரார். "கம்பெனி விற்கிற சரக்கை மக்கள் பணத்தில் சோதித்துக் கொடுப்பதா?" என்பார்கள் இன்னொரு சாரார். நான் இரண்டாவது கட்சி, அதை மறைக்கவில்லை. ஆனால் இந்தச் சண்டையில் இரு தரப்புமே பேசாமல் விடுகிற ஒன்று இருக்கிறது. சோதித்தால் ஓட்டை கிடைக்கத்தான் செய்யும். கிடைத்ததை யார் அடைப்பார்கள், அவர்களுக்கு யார் கூலி கொடுப்பார்கள்?

இது இன்று நேற்று வந்த கேள்வி இல்லை. 2006 ஜனவரியில் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை, ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்களில் பிழை தேடுவதற்காக மூன்று ஆண்டுகளுக்கு 12.4 லட்சம் டாலர் ஒதுக்கியது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துக்கும் கவரிட்டி, சிமான்டெக் நிறுவனங்களுக்கும் அது பிரித்துக் கொடுக்கப்பட்டது. நிரலை ஓட்டாமலேயே வரிவரியாக அலசும் ஸ்டாட்டிக் அனாலிசிஸ் கருவிதான் முக்கிய ஆயுதம். பலன் இல்லாமல் போகவில்லை. லினக்ஸில் திரையை ஆளும் எக்ஸ்.ஆர்க் மென்பொருளில் அந்தக் கருவி பிடித்த ஓட்டை ஒன்றை நான் இன்றும் புதிதாகச் சேருபவர்களுக்குக் காட்டுவேன். எக்ஸ் சர்வர் எனப்படும் அந்த மென்பொருள், கணினியில் எதையும் செய்ய விடும் ரூட் அதிகாரத்தோடு ஓடக்கூடியது. ஓட்டுகிறவர் உண்மையிலேயே ரூட் பயனராக இருந்தால், அல்லது சர்வர் ரூட் அதிகாரமே இல்லாமல் ஓடினால், ஆபத்தான சில தேர்வுகளை அனுமதிக்கலாம் என்று ஒரு நிபந்தனை. அந்த வரியில் ஒரு ஃபங்ஷன் பெயருக்குப் பின்னால் போட வேண்டிய இரண்டு அடைப்புக்குறிகள் விட்டுப்போயிருந்தன. அடைப்புக்குறி இல்லாவிட்டால் ஃபங்ஷன் கூப்பிடப்படாது. அது நினைவகத்தில் இருக்கும் முகவரியைத்தான் பூஜ்யத்தோடு ஒப்பிடும். முகவரி பூஜ்யமாக இருக்க வாய்ப்பே இல்லை என்பதால் நிபந்தனை எப்போதும் உண்மை. விளைவு, அந்தக் கணினியில் கணக்கு வைத்திருக்கும் யாரும் ரூட் ஆகிவிடலாம். நிரலை ஓடும் வடிவத்துக்கு மாற்றும் கம்பைலர் வாயைத் திறக்கவில்லை, படித்தவர்கள் கண்ணிலும் படவில்லை.

இரண்டு அடைப்புக்குறிகளைப் போட்டால் தீர்ந்துபோகிற ஓட்டை அது. அப்படிப்பட்டவை பத்தில் ஒன்று இருந்தாலே அதிர்ஷ்டம். மற்றவற்றுக்கு நிரலின் வடிவத்தையே கொஞ்சம் மாற்ற வேண்டியிருக்கும். அதற்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும். 2006 நிதியில் பணம் போனது தேடுகிறவர்களுக்கு. திருத்துகிறவர்கள் வழக்கம்போல வேலை முடிந்த பிறகு ராத்திரியில் உட்கார்ந்தார்கள்.

என் கதைக்கு வருகிறேன். படக் கோப்புகளைப் பிரித்துப் படிக்கும் ஒரு ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி. பெயர் வேண்டாம். பிரவுசர் முதல் பிரிண்டர் வரை எதிலெதிலோ உள்ளே உட்கார்ந்திருக்கும் ரகம். ஓர் அரசு அமைப்பின் நிதியில் அதைச் சோதிக்கும் வேலை எங்கள் குழுவுக்கு வந்தது. ஒப்பந்தத்தில் எங்களிடம் எதிர்பார்த்தது ஒன்றே ஒன்று: அறிக்கை. எத்தனை ஓட்டை, எவ்வளவு தீவிரம், சுருக்கமாக ஒரு பக்கம், விரிவாக மீதி.

ஃபஸ்ஸிங்கில் ஆரம்பித்தோம். அதாவது, ஒழுங்கான படக் கோப்புகள் கொஞ்சத்தைக் கருவியிடம் கொடுத்தால், அது அங்கங்கே பிட்டுகளை மாற்றிப்போட்டு லைப்ரரிக்கு ஊட்டிக்கொண்டே இருக்கும். புதிய வழியில் நிரல் போனால் அந்தக் கோப்பை வைத்துக்கொண்டு மேலும் கிளறும். நினைவக எல்லை மீறலை உடனே காட்டிக்கொடுக்கும் சானிட்டைசரோடு கம்பைல் செய்து ஓட்டினால், காலையில் வந்து பார்க்கும்போது ஆயிரக்கணக்கில் க்ராஷ் குவிந்து கிடக்கும். பார்த்ததும் பயந்துவிடக் கூடாது, மகிழ்ந்துவிடவும் கூடாது. நிரல் எந்த வழியாக வந்து விழுந்தது என்று காட்டும் ஸ்டேக் டிரேஸை வைத்து ரகம் பிரித்தால் மூல காரணங்கள் விரல்விட்டு எண்ணுகிற அளவில்தான் இருக்கும்.

அதில் ஒன்று பெருக்கல் கணக்கு. கோப்பின் தலைப்பகுதியில் படத்தின் அகலமும் உயரமும் இருக்கும். இரண்டையும் பெருக்கி அத்தனை பைட் நினைவகம் கேட்கிறது நிரல். பெருக்கல் நடப்பது 32 பிட்டில். அகலம் 65,537, உயரம் 65,536 என்று எவனாவது எழுதிவைத்தால் உண்மையான விடை நானூறு கோடியைத் தாண்டும். 32 பிட்டில் அது அடங்காமல் வழிந்து, மிஞ்சுவது வெறும் 65,536. அந்தச் சின்ன இடத்தை வாங்கிக்கொண்டு, நிரல் ஒவ்வொரு வரிசையாக முழுப் படத்தையும் அதில் கொட்டத் தொடங்குகிறது. முதல் வரிசையின் கடைசி பைட்டிலேயே பக்கத்து வீட்டு நினைவகத்துக்குள் கால் வைத்துவிடும். இதற்குமேல் தாக்குகிறவன் சாமர்த்தியம்.

திருத்தம் சுலபம்தானே என்று தோன்றும். அகலம் இவ்வளவுக்கு மேல் போனால் மறுத்துவிட வேண்டியதுதானே? அறிக்கையில் அப்படித்தான் பரிந்துரை எழுதுவது வழக்கம். பராமரிப்பாளருடன் பேசியபோதுதான் மறுபக்கம் தெரிந்தது. செயற்கைக்கோள் படங்களை இதே லைப்ரரி வழியாகத் திறப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களின் படங்கள் உண்மையிலேயே பிரம்மாண்டமானவை. வரம்பு போட்டால் அடுத்த நாளே புகார் வந்து குவியும். ஆகவே பெருக்கல் நடக்கும் ஒவ்வோர் இடத்திலும் வழிகிறதா என்று பார்த்துவிட்டுப் பெருக்கும் ஃபங்ஷனைச் செருக வேண்டும். சில இடங்களில் ஃபங்ஷன் பெற்றுக்கொள்ளும் எண்ணின் அளவையே மாற்ற வேண்டும். அப்படி மாற்றினால் லைப்ரரியை ஏற்கெனவே இணைத்து வைத்திருக்கும் மென்பொருள்களெல்லாம் மறுபடி கம்பைல் ஆக வேண்டும். நாங்கள் அறிக்கையில் இரண்டு வரியில் முடித்ததற்குப் பின்னால் இவ்வளவு வேலை கிடந்தது.

அந்த மனிதருக்குப் பகலில் வேறு வேலை. எங்கள் வரைவு அறிக்கையைப் படித்துவிட்டு எழுதினார்: "நன்றாகச் செய்திருக்கிறீர்கள், நன்றி. ஆனால் எனக்குக் கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும். தொண்ணூறு நாளில் வெளியிடுவோம் என்று போட்டிருக்கிறீர்கள். எந்த ஞாயிற்றுக்கிழமையில் எதைச் செய்ய?" வருத்தமாகத்தான் இருந்தது. மீதமிருந்த மணிநேரங்களில் நாங்களே பேட்ச் (ஓட்டையை அடைக்கும் திருத்த நிரல்) எழுதித் தருகிறோம் என்று அந்த அரசு அமைப்பைக் கேட்டோம். ஸ்கோப்பில் இல்லை, சோதனை என்றால் சோதனை மட்டும்தான் என்று பதில் வந்தது. அவர்கள் கணக்கில் அதிக ஓட்டை கிடைத்தால் நல்ல சோதனை. அடைபட்டதா என்பதற்கு அந்த எக்செல் தாளில் ஒரு கட்டமே கிடையாது.

அதற்கப்புறம் நான் எந்த வேலைக்கும் விலை சொல்லும்போது மூன்று விஷயங்களைச் சேர்த்தே சொல்கிறேன். ஒவ்வொரு ஓட்டைக்கும் அதை மறுபடி உண்டாக்கிக் காட்டும் சின்னக் கோப்பு, அதை அந்த ப்ராஜெக்ட்டின் சொந்த டெஸ்ட் தொகுப்பிலேயே ஓடும்படி எழுதிய டெஸ்ட், திருத்திய பிறகு மறுசோதனை. இதில் டெஸ்ட்தான் எனக்கு மிகப் பிடித்தது. அறிக்கை பிடிஎஃப்பாக எங்கோ தூங்கும். டெஸ்ட் ஒருமுறை உள்ளே போய்விட்டால் ஒவ்வொரு மாற்றத்தின்போதும் ஓடும், நான் போன பிறகும் ஓடும். ஃபஸ்ஸிங் கருவியை லைப்ரரியோடு இணைக்க எழுதிய ஹார்னஸும் அப்படியே. அதை ப்ராஜெக்ட்டிடமே கொடுத்துவிட வேண்டும். ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட்டுகளைத் தன் கணினிகளிலேயே ஃபஸ்ஸிங் செய்வதற்காகக் கூகுள் 2016 டிசம்பரில் தொடங்கிய ஓஎஸ்எஸ்-ஃபஸ் சேவையில் சேர்த்துவிட்டால் கணினிச் செலவும் பராமரிப்பாளர் தலையில் விழாது.

கருவி கக்குவதையெல்லாம் அப்படியே அனுப்புகிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்டாட்டிக் அனாலிசிஸ் கருவி சொல்வதில் கணிசமானவை பொய்யான எச்சரிக்கைகள். அதைப் பிரித்துப் பார்ப்பதுதான் சோதனையாளர் வேலை. பிரிக்காமல் அனுப்பினால், சம்பளம் வாங்குகிறவன் வேலையைச் சம்பளம் இல்லாதவன் தலையில் கட்டுவதாக ஆகிவிடும்.

இப்போது இன்னொரு பக்கம். ஓர் அரசு அலுவலகம் வாங்கிப் பயன்படுத்தும் ஆவண மேலாண்மை மென்பொருள். விற்பனை நிறுவனம் பெரியது. மூல நிரலைக் காட்ட ஒப்புக்கொண்டது, ஆனால் அவர்கள் அறையில், அவர்கள் கணினியில். போனை வெளியே வைத்துவிட்டு உள்ளே போக வேண்டும். இணையம் கிடையாது. குறிப்பெடுக்க ஒரு நோட்டு, போகும்போது அதை அவர்கள் ஒருமுறை புரட்டிப் பார்ப்பார்கள். இதெல்லாம் கூடப் பரவாயில்லை. அந்தக் கணினியில் கம்பைலர் இல்லை. நிரலைப் படிக்கலாம், தேடலாம், ஓட்ட முடியாது. ஃபஸ்ஸிங் என்ற பேச்சுக்கே இடமில்லை. இன்னொரு தொல்லையும் உண்டு: என் கண்ணுக்குக் காட்டுகிற நிரலும் அலுவலக சர்வரில் ஓடுகிற பைனரியும் (கம்பைல் ஆன வடிவம்) ஒன்றுதானா என்று சரிபார்க்க வழியே இல்லை.

இது என் ஒருவனின் புலம்பல் இல்லை. பிரிட்டனில் சீன நிறுவனமான ஹுவாவெயின் தொலைத்தொடர்புக் கருவிகளைச் சோதிக்கவென்றே 2010இல் பான்பரியில் ஒரு மையம் தொடங்கினார்கள். செலவு ஹுவாவெயுடையது, மேற்பார்வை அரசினுடையது. மேற்பார்வைக் குழு ஆண்டுதோறும் அறிக்கையைப் பொதுவில் வைத்தது, அது பெரிய விஷயம். காட்டப்பட்ட மூல நிரலிலிருந்து, களத்தில் ஓடும் அதே பைனரியைத் திரும்ப உருவாக்கிக் காட்ட முடியாத சிக்கல் அந்த அறிக்கைகளில் தொடர்ந்து வந்தது. 2019 அறிக்கையில் இன்னொன்று. ஒரே ஒரு கைப்பேசி கோபுரக் கருவியின் மென்பொருளுக்குள், இணையத் தொடர்பை மறைகுறியாக்கிக் காக்கும் ஓப்பன் சோர்ஸ் லைப்ரரியான ஓப்பன்எஸ்எஸ்எல்லின் நான்கு வெவ்வேறு பதிப்புகள், மொத்தம் 70 முழுப் பிரதிகள் கிடந்தன. 70! அதில் 0.9.8 போன்ற அரதப் பழசும் இருந்தது.

அந்த எண்ணிக்கையைப் படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது, ஏனென்றால் அந்த அறையில் நான் கண்டதும் அதே சங்கதிதான், சின்ன அளவில். ஆவண மேலாண்மை மென்பொருளில் நான் கண்டுபிடித்தவற்றில் மோசமானவை அந்த நிறுவனம் எழுதிய நிரலில் இல்லை. உள்ளே இழுத்துப் போட்டு, பெயரை மாற்றி, அப்புறம் மறந்தேபோன ஓப்பன் சோர்ஸ் லைப்ரரிகளில் இருந்தன. அந்த ஓட்டைகளுக்கு வெளியே திருத்தம் வந்து ஆண்டுக்கணக்காகிவிட்டது. மூடிய மென்பொருள், திறந்த மென்பொருள் என்று இரண்டு அணி பிரித்துப் பேசுவதில் எனக்கு நம்பிக்கை குறைந்தது அங்கேதான். மூடியதைப் பிரித்தால் உள்ளே பாதி திறந்தது. ஆகவே ஓப்பன்எஸ்எஸ்எல்லைச் சோதிக்கப் போடும் ஒரு ரூபாய் இரண்டு பக்கமும் பாயும். மூடிய மென்பொருளைச் சோதிக்கப் போடும் ரூபாய் அந்த ஒரு வாடிக்கையாளர் சுவரைத் தாண்டாது. என் அறிக்கையே அதற்குச் சாட்சி. "ரகசியம்" என்று முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்கள். அதே மென்பொருளை ஓட்டும் மற்ற அலுவலகங்களுக்கு அதிலிருந்து ஒரு வரி கூடப் போகவில்லை. இன்னொரு அலுவலகம் இன்னொரு குழுவுக்குப் பணம் கொடுத்து அதே ஓட்டைகளை மறுபடி கண்டுபிடிக்கும்.

நியாயமாகச் சொல்வதென்றால், தனியுரிமப் பக்கத்தில் ஒரு சௌகரியம் உண்டு. அங்கே சம்பளம் வாங்கும் ஆட்கள் இருக்கிறார்கள். ஓட்டையை ஒப்புக்கொண்டுவிட்டால் ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்கத் தேவையில்லை. கஷ்டமெல்லாம் ஒப்புக்கொள்ள வைப்பதில்தான். "இது உண்மையான சூழலில் நடக்காது", "அடுத்த பெரிய வெளியீட்டில் பார்ப்போம்" என்ற இரண்டு பதில்களை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கு வைக்கவில்லை. அரசு அலுவலகத்தின் கையில் அப்போது இருக்கும் ஒரே சவுக்கு கொள்முதல் ஒப்பந்தம். வாங்குவதற்கு முன்பே அதில் எழுதியிருக்க வேண்டும்: வெளியாள் சோதிக்கலாம், பைனரியைப் பிரித்துப் படிக்கும் ரிவர்ஸ் இன்ஜினியரிங் செய்தால் வழக்கு கிடையாது, கம்பைல் செய்து ஓட்டிப் பார்க்கும் சூழல் தர வேண்டும், தீவிரமான ஓட்டைக்கு இத்தனை நாளில் பேட்ச், உள்ளே இருக்கும் எல்லா பாகங்களின் எஸ்பாம் பட்டியல் ஒவ்வொரு பதிப்போடும் வர வேண்டும். கையெழுத்தான பிறகு இதில் ஒன்றைக் கேட்டாலும் அவர்களின் வக்கீல்தான் பதில் சொல்வார்.

சான்றிதழ்களைப் பற்றிக் கேட்பார்கள். விண்டோஸ் 2000க்கு 2002 அக்டோபரில், பாதுகாப்பை மதிப்பிடும் காமன் க்ரைட்டீரியா என்ற சர்வதேச முறையில் இஏஎல் 4 என்ற நிலைச் சான்று கிடைத்தது. அடுத்த ஆகஸ்ட்டில், தானாகவே பரவும் பிளாஸ்டர் வார்ம் அதே விண்டோஸ் 2000க்குள்ளும் எக்ஸ்பிக்குள்ளும் புகுந்து உலகைச் சுற்றியது. சான்று பொய் என்று சொல்லவில்லை. குறிப்பிட்ட அமைப்பில், குறிப்பிட்ட நோக்கங்களுக்கு, ஆவணங்கள் ஒழுங்காக இருக்கின்றன என்று அது சொன்னது. நாம் கேட்ட கேள்வி வேறு.

அரசுகள் இதில் கற்றுக்கொள்ளவே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் வெளியானது பெரிய அடி. எதிராளி அனுப்பும் நீளத்தைச் சரிபார்க்காமல் நம்பி, கேட்கும் ஒவ்வொரு முறையும் நினைவகத்திலிருந்து 64 கிலோபைட் வரை எடுத்துக் கொடுத்துவிடும் ஓட்டை. இரண்டு ஆண்டுகள் ஓப்பன்எஸ்எஸ்எல்லில் கிடந்தது. உலகத்தின் வங்கிக் கணக்குகளையெல்லாம் காத்த அந்த ப்ராஜெக்ட்டுக்கு ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர்தான் நன்கொடை வந்துகொண்டிருந்தது என்பது அப்போதுதான் பலருக்குத் தெரியும். அதைத் தொடர்ந்து ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் ஜூலியா ரெடா, மாக்ஸ் ஆண்டர்சன் இருவரும் முன்வைத்த யோசனைக்கு 10 லட்சம் யூரோ ஒதுக்கப்பட்டு, இயூ-ஃபாசா என்ற முன்னோட்டத் திட்டம் வந்தது. 2016இல் கீபாஸ் கடவுச்சொல் பெட்டகத்தையும் அப்பாச்சி வெப் சர்வரையும் தணிக்கை செய்தார்கள். கீபாஸில் பெரிய ஓட்டை எதுவும் கிடைக்கவில்லை, அதையும் அப்படியே வெளியிட்டார்கள். ஒன்றும் கிடைக்காத அறிக்கைக்கும் மதிப்பு உண்டு என்று மேலதிகாரிகளுக்குப் புரியவைப்பது எவ்வளவு கஷ்டம் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

அடுத்த கட்டமான இயூ-ஃபாசா 2இல், 2019 ஜனவரி முதல் விஎல்சி, 7-ஜிப், புட்டி போன்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்களுக்குப் பக் பவுண்டி அறிவித்தார்கள். ஓட்டை கண்டுபிடித்தால் பரிசு, கூடவே ப்ராஜெக்ட் ஏற்றுக்கொள்ளும் திருத்தத்தையும் கொடுத்தால் 20 சதவீதம் கூடுதல். அந்த 20 சதவீதம் எனக்குப் பிடித்திருந்தது, போதவில்லை என்றாலும். அதே ஆண்டு ஜூனில் வந்த விஎல்சி 3.0.7, அதற்கு முன் எந்தப் பதிப்பிலும் இல்லாத அளவுக்குப் பாதுகாப்புத் திருத்தங்களோடு வந்தது. காரணம் அந்தப் பவுண்டிதான் என்று அவர்களே சொன்னார்கள். ஆனால் பவுண்டி என்பது இரு பக்கமும் கூர்மையான கத்தி. பரிசு என்று அறிவித்த நிமிடத்திலிருந்து குப்பைகளும் வரும், அவற்றையும் ஒருவர் படித்தே ஆக வேண்டும். இது அரசு நிதி சம்பந்தப்பட்டது இல்லை என்றாலும் சொல்கிறேன்: ஏஐ கொண்டு எழுதிய போலி அறிக்கைகள் பெருகியதால், இணையம் வழியாகத் தரவை அனுப்பவும் பெறவும் உதவும் கர்ல் ப்ராஜெக்ட் 2026 ஜனவரி இறுதியோடு தன் பவுண்டியை நிறுத்திவிட்டது. பவுண்டிக்கு நிதி கொடுக்கும் அரசு, வரும் அறிக்கைகளை முதலில் வடிகட்டும் ஆளுக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கொடுக்காமல் இருப்பதே மேல்.

இதுவரை நான் பார்த்தவற்றில் ஜெர்மனியின் ஏற்பாடுதான் நிதானமாக யோசித்துச் செய்தது. 2022இல் தொடங்கிய சாவரின் டெக் ஃபண்ட், கர்ல் போன்ற அடித்தள மென்பொருள்களின் பராமரிப்புக்கே நேரடியாகப் பணம் கொடுத்தது. 2023இல் அவர்கள் தொடங்கிய பக் ரெசிலியன்ஸ் திட்டத்தில் மூன்று கை இருந்தது: பவுண்டி ஒன்று, நிரல் தணிக்கை இன்னொன்று, தேங்கிக் கிடக்கும் பழைய வேலைகளை முடித்துத் தரும் டெவலப்பர்கள் மூன்றாவது. அந்த மூன்றாவது கை இருப்பதால்தான் முதல் இரண்டும் தொந்தரவாக மாறுவதில்லை. அதே நாட்டின் தகவல் பாதுகாப்பு அமைப்பான பிஎஸ்ஐ தனியாக ஓப்பன் சோர்ஸ் தணிக்கைகள் நடத்தி, ஜிட்சி, பிக்புளூபட்டன், மாஸ்டடான் போன்றவற்றின் முடிவுகளைப் பொதுவில் வைத்திருக்கிறது. அறிக்கை எழுதப் பழகுகிறவர்கள் அவற்றைப் படிக்கலாம்.

அரசுப் பணத்தை நம்பியே இருக்கக் கூடாது என்பதற்கும் உதாரணம் உண்டு. ஓப்பன்பிஎஸ்டி என்ற ஓப்பன் சோர்ஸ் இயங்குதளத்தின் பாதுகாப்புப் பணிகளுக்கு அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டார்ப்பா, பென்சில்வேனியா பல்கலைக்கழகம் வழியாகக் கொடுத்துவந்த 20 லட்சம் டாலருக்கு மேற்பட்ட நிதி, ஈராக் போர் பற்றி அதன் தலைவர் தியோ டி ராட் பத்திரிகையில் பேசிய கொஞ்ச நாளில், 2003 ஏப்ரலில் நின்றுபோனது. 2025 ஏப்ரலில், எல்லா மென்பொருள்களின் ஓட்டைகளுக்கும் எண் கொடுக்கும் சிவிஇ திட்டமே அமெரிக்க அரசு ஒப்பந்தம் முடியும் தறுவாயில் கடைசி நிமிடத்தில்தான் பிழைத்தது. திறந்தது, மூடியது இரண்டுக்கும் ஒரே நேரத்தில் வேர்த்த நாள் அது. ப்ராஜெக்ட்டுகளுக்கு நான் சொல்வது: அரசுத் தவணை வருவதற்கு முன்பே பயணமும் ஆளும் ஏற்பாடு செய்யாதீர்கள்.

சோதனையால் எல்லாம் பிடிபடும் என்று யாரிடமும் சொல்லாதீர்கள். 2024 மார்ச்சில் வெளிப்பட்ட எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளின் பின்கதவு (ரகசிய நுழைவழி), நிரலை வைத்திருக்கும் ரெப்பாசிட்டரியில் முழுதாக இருக்கவில்லை. அதைத் தூண்டும் ஸ்கிரிப்ட் வெளியீட்டுத் தொகுப்பில் மட்டும் இருந்தது, மீதி டெஸ்ட் கோப்புகள் என்ற பெயரில் பைனரியாக ஒளிந்திருந்தது. ரெப்பாசிட்டரியை மட்டும் படிக்கும் தணிக்கை அதைக் கடந்து போயிருக்கும். ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற டெவலப்பர், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்ஹெச் லாகின் அரை விநாடி தாமதமாவதைக் கவனித்துத் தோண்டியதால் அகப்பட்டது. அதன்பின் நாங்கள் வெளியீட்டுத் தொகுப்பையும் ரெப்பாசிட்டரியையும் ஒப்பிட்டுப் பார்ப்பதை ஸ்கோப்பில் சேர்த்துக்கொண்டோம். ஆனால் அந்தச் சதியின் வாசல் தொழில்நுட்பத்தில் இல்லை. தனியாக, களைத்துப்போயிருந்த ஒரு பராமரிப்பாளரை நச்சரித்து, உதவுவதுபோல உள்ளே வந்தார்கள். எந்தச் சோதனை அறிக்கையிலும் "பராமரிப்பாளர் களைத்திருக்கிறார்" என்று ஒரு கண்டுபிடிப்பு இருப்பதில்லை. நான் இப்போது எழுதுகிறேன், அவர் சம்மதத்தோடு. வெளியீட்டுச் சாவி எத்தனை பேரிடம் இருக்கிறது, கடந்த ஆண்டில் எத்தனை பேர் நிரலைத் தொட்டார்கள் என்று எண்ணிக்கையோடு முதல் பக்கத்திலேயே போட்டுவிடுகிறேன். நிதி கொடுக்கும் அதிகாரி முதல் பக்கத்தைத் தாண்ட மாட்டார்.

ஐரோப்பாவின் சைபர் ரெசிலியன்ஸ் சட்டம் இந்தக் கணக்கைக் கொஞ்சம் மாற்றக்கூடும். 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது, தாக்குகிறவர்கள் ஏற்கெனவே பயன்படுத்திவரும் ஓட்டைகளைத் தெரிவிக்கும் கடமைக்கு 2026 செப்டம்பர் 11 என்றும், மற்றவற்றில் பெரும்பாலானவற்றுக்கு 2027 டிசம்பர் 11 என்றும் தேதி குறித்தார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது ஒரு சின்ன விதி. தன் தயாரிப்பில் சேர்த்த பாகத்தில் ஓட்டையைக் கண்டால், உற்பத்தியாளர் அந்தப் பாகத்தைப் பராமரிப்பவருக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்குத் திருத்தம் எழுதியிருந்தால் அந்த நிரலையும் பகிர வேண்டும். அந்த அறையில் நான் பார்த்த நிறுவனம், ஒரு பழைய லைப்ரரியில் தானே ஒரு ஓட்டையை அடைத்துவிட்டு வெளியே மூச்சு விடாமல் வைத்திருந்தது. இனி அப்படி வைத்திருப்பது கொஞ்சம் கஷ்டம்.

கடைசியாக, விலை சொல்லும்போது நடக்கும் ஒரு சிக்கல். திருத்தும் மணிநேரங்களையும் சேர்த்து எழுதினால் சில அலுவலகங்களில் கோப்பு நின்றுவிடும். காரணம் கஞ்சத்தனம் இல்லை, கணக்குத் தலைப்பு. சோதனை "ஆலோசனைச் சேவை" என்ற தலைப்பில் வரும். பேட்ச் எழுதுவது "மென்பொருள் உருவாக்கம்" என்ற வேறொரு தலைப்பு, அதற்குத் தனி டெண்டர். ஓர் அதிகாரியே எனக்கு வழி சொல்லிக்கொடுத்தார்: "மறுசோதனைக்கான முன்தயாரிப்பு என்று எழுதுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்." அதிலிருந்து, டெஸ்ட் எழுதுவது, பேட்ச் வரைவு, பராமரிப்பாளருடன் உட்காரும் நேரம் மூன்றையும் அந்த ஒரு வரிக்குள் போட்டு, மொத்த மணிநேரத்தில் மூன்றில் ஒரு பங்கை அதற்கு ஒதுக்குகிறேன். பராமரிப்பாளரின் நேரத்துக்கான கூலியை அந்த வரிக்குள் கொண்டுவர இன்னும் எந்த அலுவலகத்திலும் முடியவில்லை. ப்ராஜெக்ட்டுக்கு ஓர் அறக்கட்டளை இருந்தால் அதைத் துணை ஒப்பந்ததாரராகச் சேர்த்துக் கொடுத்துவிடலாம், அது நடந்திருக்கிறது. தனி ஆளாக நடத்துகிறவருக்கு இன்வாய்ஸ் அனுப்பக்கூட ஒரு பெயர்ப்பலகை இருக்காது. அவருக்கு எப்படிக் கொடுப்பது என்று வழி கண்டவர்கள் இருந்தால் எழுதுங்கள்.